காறை எலும்பு

காஞ்சனாவை "எலும்பு டாக்டர்" என்று அவள் அப்பா மணியம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதனால் விடுமுறைக்கு அவள் கெடா மாநிலத்துச் சுங்கை லாலாங் தோட்ட வீட்டுக்கு வந்தால், முட்டி வலி, இடுப்புப் பிடிப்பு என்று யாராவது வாசலில் காத்திருப்பார்கள். அவர்களைக் கிளினிக்குக்குப் போகச் சொல்லிவிட்டுத் தன் வேலை என்னவென்று விளக்குவாள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டிலோ ஆற்றிலோ எலும்பு கிடைத்தால் போலீஸ் அவளைக் கூப்பிடும். அது மனித எலும்பா, ஆணா பெண்ணா, என்ன வயது, உயிரோடு இருந்தபோது எங்கெங்கே அடிபட்டது என்று பார்த்துச் சொல்வாள். இதைக் கேட்டதும் வந்தவர்கள் மூட்டு வலியையும் மறந்து மெல்ல எழுந்துபோய்விடுவார்கள்.

மணியம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். மகள் படிப்பில் கெட்டி. உபகாரச் சம்பளத்தில் ஸ்காட்லாந்து வரை போய் மனித எலும்பியல் படித்துவிட்டு வந்து, பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் தடயவியல் துறையில் சேர்ந்தாள். கூலிம் ஹைடெக் பூங்காவில் இன்ஜினியராக இருந்த ஒரு மாப்பிள்ளைக்குப் பெண் பார்க்க வந்தார்கள். வேலை முடிந்து குளித்துவிட்டுத்தானே அடுப்படிக்குள் போவாய் என்று பையனின் அம்மா கேட்டார். குளிப்பேன், ஆனால் வேலையை விடமாட்டேன் என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜெராய் மலையடிவாரத்தில் வெட்டுப்பட்ட மனிதக் கை கிடைத்திருப்பதாகச் சொல்லி அழைத்துப் போனார்கள். மோப்ப நாய்கள்கூட வந்துவிட்டன. தோல் உரிந்து கிடந்த அந்தக் கையைக் காஞ்சனா திருப்பிப் பார்த்தாள். பெருவிரல் இருக்க வேண்டிய பக்கத்தில் இருப்பதிலேயே சின்ன விரல் இருந்தது. "கரடி" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். அந்த இடத்துக்குப் பொறுப்பாக இருந்த இன்ஸ்பெக்டர் புவனேசன் அன்று தான் சிரித்ததை இன்னும் சொல்லுவார். அதற்குப் பிறகு எங்கே எலும்பு கிடைத்தாலும் அவர் முதலில் கூப்பிடுவது அவளைத்தான்.

தஞ்சோங் டாவாய்க்கும் அப்படித்தான் கூப்பிட்டார். மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில், அலையாத்திக் காட்டுச் சேற்றில் நண்டு பிடிக்கப் போனவர்கள் ஒரு மண்டையோட்டைப் பார்த்திருக்கிறார்கள். நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, முழங்கால் சேற்றில் நின்றபடி கிட்டத்தட்ட முழு எலும்புக்கூட்டையும் எடுத்தார்கள். கூடவே புலித்தலை பொறித்த இடுப்பு வார் கொக்கி ஒன்றும் கிடைத்தது.

அந்தக் கொக்கியைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் இராசாத்தி வந்தாள். காஞ்சனா வளர்ந்த அதே தோட்டத்துக்காரி. அவள் கணவர் பக்கிரிசாமி லாரி ஓட்டுநர். இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. லாரி மட்டும் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றது. கொக்கியைப் பார்த்ததும் இராசாத்தி அவருடையதுதான் என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பக்கிரிசாமியின் தம்பி அழகேசன் அன்றே ஆக வேண்டியதைப் பார்க்கத் தொடங்கினார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, தகனத்துக்கும் நாள் பேசியாயிற்று.

எலும்புகள் சொன்னதும் பெரும்பாலும் பொருந்தியே வந்தது. ஆண். முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயது. உயரமும் ஏறக்குறைய சரி. உப்புச் சேற்றில் ஊறிய எலும்பிலிருந்து முதலில் எடுத்த டிஎன்ஏ மட்டும் கைகொடுக்கவில்லை. மேலிடத்திலிருந்து கோப்பை முடிக்கச் சொல்கிறார்கள், கொக்கியும் இருக்கிறது, போதாதா என்று புவனேசன் தயங்கியபடி கேட்டார். அந்த மாதிரிக் கொக்கியைப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கூடை கூடையாக விற்கிறார்கள் என்றாள் காஞ்சனா. அவர் வீட்டாரோடு பேசாமல் எதையும் எழுத மாட்டேன் என்றும் சொன்னாள்.

இராசாத்தி வீட்டில் எலும்பைப் பற்றிக் காஞ்சனா வாயே திறக்கவில்லை. பக்கிரிசாமி எப்படிப்பட்டவர், என்ன சாப்பிடுவார், எப்போதாவது விழுந்து அடிபட்டாரா என்று மட்டும் கேட்டாள். கேட்கக் கேட்க இராசாத்தியின் முகம் தெளிந்தது. பீடோங்கில் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்த கதையைச் சொன்னாள். மகன் பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கை நசுங்காமல் தூக்கிப் பிடித்தபடியே விழுந்தாராம். கேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் கழுத்துக்குக் கீழே தோளோடு சேரும் காறை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது.

"வலது கைய தூக்கவே முடியல தங்கச்சி. நாந்தான் சோறு ஊட்டுனேன். அப்புறம் சரியாச்சு, ஆனா இங்க ஒரு முண்டு மாதிரி நின்னுப்போச்சு. சட்டை போட்டாலும் தெரியும்" என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

காஞ்சனா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். சேற்றைக் கழுவி மேசையில் வைத்த அந்த இரண்டு காறை எலும்புகளையும் அவளே கையில் எடுத்து விரலால் தடவியிருந்தாள். இரண்டும் வழவழவென்று இருந்தன.

பினாங்குக்குத் திரும்பி அவற்றையும் மண்டையோட்டையும் எக்ஸ்ரே எடுத்தாள். வளர்ந்த ஆளுக்கு இப்படி முறிந்து, முண்டு வைத்துச் சேர்ந்த எலும்பு இவ்வளவு சுத்தமாக இருக்காது. இவை ஒருபோதும் முறிந்தவை அல்ல. மேல் கடைவாய்ப் பல் ஒன்றில் வேர் சிகிச்சை செய்து அடைத்திருப்பதும் படத்தில் தெரிந்தது. பக்கிரிசாமியோ பல் வலித்தால் கிராம்பு வைத்துக் கடிப்பவர், பல் டாக்டர் பக்கமே போகாதவர் என்று இராசாத்தி சொல்லியிருந்தாள்.

பலாயில், அதாவது புவனேசனின் போலீஸ் நிலையத்தில், குடும்பத்தை உட்காரவைத்துக் காஞ்சனா நேராகவே சொன்னாள். இது பக்கிரிசாமி இல்லை. அழகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லா ஏற்பாடும் ஆனபிறகு இப்படிச் சொன்னால் எப்படி, அண்ணி இரண்டு வருடமாக மனைவியும் இல்லாமல் விதவையும் இல்லாமல் நிற்கிறாள், ஒரு கையெழுத்தில் அவளுக்கு நிம்மதி கிடைக்கும், நம்ம தோட்டத்துப் பிள்ளை இதைச் செய்யக்கூடாதா என்று கேட்டார்.

"அண்ணே, இவர் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. எரிச்சிட்டா சாம்பல்ல இருந்து திருப்பிக் கொடுக்க முடியாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. அழகேசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். இராசாத்தி அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த வாரம் காஞ்சனாவின் அப்பா தோட்டத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனபோது இரண்டு பேர் எழுந்து வேறு மேசைக்கு மாறிக்கொண்டார்கள். அவர் மகளிடம் அதைச் சொல்லாமல் விட்டாலும் அவள் காதுக்கு வராமல் இல்லை. வலித்தது. ஆனால் தன் முடிவு சரிதானா என்று அவள் மனம் ஒரு கணமும் தடுமாறவில்லை.

தரையில் காணாமல் போனவர்களை மட்டும் தேட வேண்டாம், கடலில் போனவர்களையும் பாருங்கள், கடல் நீர் ஏறும்போது ஆற்று வாய்க்குள் எதையும் கொண்டுவந்து விடும் என்று புவனேசனிடம் சொன்னாள். அவர் அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் விசாரித்தார். பினாங்கிலிருந்து நண்பர்களோடு மீன் பிடிக்கப் போய், படகு கவிழ்ந்து கிடைக்காமல் போன ஐமன் என்ற ஒருவரைப் பற்றித் தெரிந்தது. புகார் பினாங்கில் கொடுக்கப்பட்டதால் கெடா பக்கம் யாருக்கும் அது நினைவில் இல்லை. அப்பா ஜக்கரியா சுங்கை பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம். மகனுக்குப் பல் பார்த்த டாக்டரிடம் பழைய எக்ஸ்ரே இருந்தது. அடைத்த பல் அப்படியே பொருந்தியது. பிறகு பல்லிலிருந்து எடுத்த டிஎன்ஏவும் தகப்பனோடு ஒத்துப்போனது.

ஜக்கரியா மகனை வாங்கிக்கொள்ள வந்தபோது நடந்ததைப் புவனேசன் சொல்லிவிட்டார். வேறொரு குடும்பம் எரிக்க இருந்தது என்று கேட்டதும் அந்தப் பெரியவர் நேராகக் காஞ்சனாவிடம் வந்தார்.

"எம் புள்ளைய மண்ணுல வைக்கக் கொடுத்திட்டியேம்மா. அந்தப் பொம்பளை எங்க இருக்கா? நான் போய்ப் பாக்கணும்" என்றார்.

அடக்கம் முடிந்தபிறகு மனைவியோடு சுங்கை லாலாங்குக்குப் போனார். இராசாத்தி வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று காஞ்சனாவுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த நாளே இராசாத்தி போன் செய்தாள். குரல் கரகரத்திருந்தது.

"உம்மேல ரொம்பக் கோவமா இருந்தேன் தங்கச்சி. இப்ப இல்ல. அந்த அம்மா என் கையப் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல. சரி, அவரு கிடைச்சா அவருதான்னு தெரிய நான் என்ன கொடுக்கணும், சொல்லு."

மனைவியின் டிஎன்ஏ மாதிரி இதற்கு உதவாது, மகனும் தம்பியும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும் என்றாள் காஞ்சனா. மகன் உடனே வந்தான். அழகேசனை வழிக்குக் கொண்டுவந்தது இராசாத்திதான்.

பக்கிரிசாமி இன்னும் கிடைக்கவில்லை. இராசாத்தி பொட்டும் தாலியுமாகத்தான் இருக்கிறாள். அது தன் முடிவு, யாரும் பேச வேண்டாம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டாள். ஆண்டுக்கு ஒரு முறை போலீஸ் ஏற்பாட்டில் காஞ்சனாவின் குழு சுங்கை லாலாங் கோயில் மண்டபத்துக்கு வந்து, காணாமல் போனவர்களின் குடும்பங்களிடம் மாதிரி எடுக்கிறது. வரத் தயங்குகிறவர்களை வீடு வீடாகப் போய்க் கூட்டிவருவது இராசாத்தி. போன முறை தாமான் குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் வந்தார். ஊசி குத்துவார்களோ என்று பயந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஊசியெல்லாம் இல்ல லா, வாயத் தொறந்தா போதும். வீட்டுல மூடவே மாட்டீங்களாமே" என்றாள் இராசாத்தி.

கிழவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார். காஞ்சனா புதிய கையுறையை மாட்டிக்கொண்டு, காணாமல் போனவர் யார் என்று அவரிடம் கேட்டாள்.