என் வீட்டுப் படிவம்

கொழும்பில் பதினேழு வருடம் நான் பார்த்த வேலை, மற்றவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கூட்டிப் பார்ப்பது. எத்தனை பேர் தொழில் செய்கிறார்கள், எத்தனை பேர் தொழில் தேடுகிறார்கள், எத்தனை பேர் இரண்டும் இல்லாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் படிவங்களாக எங்கள் கந்தோருக்கு வரும். நான் பிழை பார்த்து மேலே அனுப்புவேன். என் கையால் போன தாளில் ஓர் அடித்தல் திருத்தல், ஒரு வெட்டுக்கொத்து இருக்காது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனம் எங்கே போய் முட்டியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில், உடுத்த உடுப்போடு கப்பலேறி வடக்கே காங்கேசன்துறையில் இறங்கினேன். அங்கிருந்து கோப்பாய்க்கு, மனைவியின் வீட்டுக்கு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது; ஆகவே அது அவளுடைய வீடு. நான் அதுவரை அங்கே லீவுக்கு வருகிறவன். கலியாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் ஒன்றாக இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. பிள்ளையும் இல்லை. லீவில் வந்தால் முருங்கைக்காய்க் கறியும் இறால் பொரியலுமாகச் சமைத்துப் போடுவாள். பத்தாம் நாள் மெயில் ரெயிலுக்குப் பெட்டி கட்டித் தருவாள். இந்த முறை பத்து நாள் போனது, ஒரு மாதமும் போனது, நான் மட்டும் போகவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று தெரியாமலா சொன்னார்கள்.

அந்த வீட்டில் எனக்கென்று இருந்தவை ஒரு கதிரையும், சேட்டுத் தொங்கவிட ஓர் ஆணியும்தான். மற்றதெல்லாம் அவளுடைய ஒழுங்கு. வீட்டுக்குப் பின்னால் அவளுடைய தகப்பன் விட்டுப்போன செம்மண் தோட்டம். விடிய முன்னமே இறைக்கிற மண்ணெண்ணெய் மிசினை இயக்கி, பாத்தி பாத்தியாக மண்வெட்டியால் வாய் திறந்து வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுவாள். வெயில் ஏறியதும் வந்து உலை வைத்துவிட்டுப் புல்லுப் பிடுங்கப் போவாள். நடுகைக்கும் வெங்காயம் கிண்டுவதற்கும் ஆள் பிடிப்பதும் அவள்தான், வியாபாரியோடு மல்லுக்கட்டுவதும் அவள்தான். நான் ஏதும் செய்யட்டா என்று கேட்டால், "நீங்கள் இருங்கோ" என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். ஆனால் ஒரு நாளைக்கு நாலு தரம் "நீங்கள் இருங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். எனக்குச் சில நாளில் அழுகையே வந்துவிடும்.

தெற்கிலிருந்து ஓடிவந்த அரசாங்க உத்தியோகத்தர்கள் யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கையெழுத்து வைத்தால் சம்பளத்துக்குப் போதும் என்று அப்போது ஓர் ஏற்பாடு இருந்தது. நான் காலையில் குளித்து, சேட்டுப் பையில் பேனை குத்திக்கொண்டு சைக்கிளில் போவேன். கையெழுத்து வைக்க அரை நிமிடம் ஆகும். அதோடு அன்றைய உத்தியோகம் முடிந்தது. நானும் என்னைப் போன்றவர்களும் அங்கே விறாந்தையில் நின்று ஒரே பத்திரிகையை மாறி மாறிப் படிப்போம். பிறகு ஒவ்வொருவராகக் குறையத் தொடங்கினார்கள். ஒருவர் கனடா, ஒருவர் ஜேர்மனி, என்னோடு கொழும்பில் ஒரே அறையில் இருந்தவர் லண்டன். பத்திரிகையை நான் முதலிலிருந்து கடைசிவரை ஒருவனாகப் படிக்கும் காலமும் வந்தது.

நேரத்தோடு வீட்டுக்குப் போனால் அயல் என்ன நினைக்கும் என்று ஒரு கூச்சம். பஸ் நிறுத்தும் இடத்தில் உள்ள மர வாங்கில் குந்தியிருந்துவிட்டு, நாலரை ஆனபிறகே, கந்தோர் விட்டு வருகிறவன் மாதிரிச் சைக்கிளை உழக்கிக்கொண்டு போவேன். ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. வாங்கில் இருந்தது அவளுக்குத் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இப்படியே சில வருடம் போனபின், எங்கள் பகுதிக் குடும்பங்களின் தொழில் விபரம் எடுக்க வேண்டி வந்தது. என் பழைய அனுபவத்தைக் கேள்விப்பட்டு, கிராமத்துக்குப் பொறுப்பான விதானையார் என் பெயரைச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று இரண்டு பேனைக்கு மை நிரப்பினேன்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டு எழுத வேண்டும். ஒருவருக்காக மற்றவர் சொல்லக் கூடாது. கொழும்பில் இருந்தபோது இந்த விதியைச் சிவப்பு மையால் கோடிட்டு அனுப்பியவன் நான்; லீவில் வந்தபோது மனைவிக்கும் அதைப் பெருமையாகச் சொன்னதுண்டு. ஊரில் இறங்கிப் பார்த்தால் ஒரு வீட்டிலும் அது நடக்கவில்லை. ஆம்பிளை விறாந்தையில் கதிரை போட்டு, எல்லாருக்கும் தானே பதில் சொல்வார்.

"மகன் ஜேர்மனியிலை வேலை. முதல் அதை எழுதுங்கோ."

"அவர் இஞ்சை இல்லையே ஐயா. இஞ்சை இருக்கிற ஆக்களைத்தான் கேக்கிறன்."

"இல்லாட்டி என்ன, அவன்தானே உழைக்கிறான்!"

"மனுசி என்ன தொழில்?"

"அவ சும்மாதான் வீட்டிலை இருக்கிறா."

சும்மா இருந்தவ மால் கொட்டகைக்குள் குந்தியிருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருப்பா. அவவைக் கேட்டாலும், கையை நிறுத்தாமல், "ஓம் தம்பி, நான் சும்மாதான்" என்று சொல்லுவா. நானும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுப் படலைக்குப் போவேன். ஊர் வழக்கத்தைத் திருத்தவா நான் சம்பளம் எடுக்கிறேன் என்று ஒரு நினைப்பு.

கடைசியாக எஞ்சியது எங்கள் வீட்டுப் படிவம். பின்னேரம் என் கதிரையில் இருந்து, முத்து முத்தான எழுத்தில் நிரப்பினேன். எனக்கு நேரே அரசாங்க உத்தியோகம். அவளுக்கு நேரே வீட்டுப் பணி. பின்னால் மிசின் ஓடும் சத்தம் கேட்டபடிதான் இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நின்றாள். நான் கூப்பிடவில்லை. மை காய ஊதிவிட்டு மடித்து வைத்தேன்.

தொண்ணூறில் மீண்டும் சண்டை தொடங்கியது. மண்ணெண்ணெய் வருவது நின்றது. எப்போதாவது வந்த கொஞ்சத்தை, இறைப்புக்கென்று விவசாயக் குடும்பங்களுக்கு மட்டும் கூட்டுறவுச் சங்கக்கடையில் பங்கிட்டார்கள். எங்கள் வெங்காயம் நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. செம்மண்ணில் நாலு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் வெங்காயத் தாள் வெளுக்கும். எண்ணெய் வந்திருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு, "நீர் நில்லும், நான் போட்டு வாறன்" என்று அவளிடம் சொல்லி மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு நானே வெளிக்கிட்டேன். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றேன்.

சங்கக்கடை மனேச்சர் பட்டியலில் விரலை வைத்து இரண்டு தரம் தேடினார்.

"ஐயா, உங்கடை வீட்டிலை ஒருத்தரும் விவசாயம் இல்லையே."

"ஆர் சொன்னது? என்ரை மனுசி விடிஞ்சால் பொழுதுபட்டால் தோட்டத்துக்குள்ளைதான்."

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். நான் எடுத்த தொழில் விபரத்திலிருந்து வந்த தாள்தான் அது; என்னுடைய எழுத்து. ஒரு வெட்டுக்கொத்தும் இல்லை.

வெறுங்கானோடு விதானையாரிடம் ஓடினேன். அவர் நல்ல மனிதர், என்னைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. "உங்கடை வேலையிலை பிழை வராது எண்டு நான்தானே ஐயா எழுதிக் குடுத்தனான். இப்ப பிழை எண்டு எந்த முகத்தோடை சொல்லுறது? அடுத்த பட்டியலுக்குப் பாப்பம்" என்றார். அடுத்த பட்டியல் எப்போது என்று அவருக்கும் தெரியாது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் ஆனைக்குத்தானே அடிபட வேண்டும்?

நான் திரும்பி வந்தபோது, அவள் மிசினுக்குப் பக்கத்தில் புனலோடு நின்றாள். நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். என்னை நாலு பேச்சுப் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் புனலைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தாள். பாத்திகளை ஒரு தரம் கண்ணால் அளந்தாள்.

"பாதியைக் காப்பாத்தலாம். மற்றப் பாதி போகட்டும்."

மற்றநாள் விடிய முன்னம் நான் சேட்டை ஆணியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய், தண்ணீர் அள்ளுகிற துலாக்கொடியைப் பிடித்தேன்.

"நீங்கள் இருங்கோ."

"இல்லை. நான் அள்ளுறன், நீர் தண்ணியை மாறும்."

அவள் மறுக்கவில்லை. பேனை பிடித்த கை இரண்டு நாளில் கொப்புளித்து உடைந்தது. மஞ்சளும் எண்ணெயும் கலந்து ஒரு சிரட்டையில் கொண்டுவந்து கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டுப் போனாள், பூசிவிடவில்லை. நான் வாளி வாளியாக வாய்க்காலில் ஊற்றுவேன். தோட்டத்தின் மற்ற முனையில் அவள் மண்வெட்டியோடு நிற்பாள். தண்ணீர் என்னிடமிருந்து அவளிடம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். எங்களுக்கிடையில் போனதும் வந்ததும் அது ஒன்றுதான். அவளோடு கதைக்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. என்ன சொல்லித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. தண்ணீர் போகாத பாதி என் கண்ணுக்கு முன்னால், நுனியிலிருந்து மஞ்சளாகி மண்ணோடு படுத்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அப்படித்தான் இறைத்தோம். இறைத்துவிட்டு, குளித்து, போய்க் கையெழுத்து வைத்துவிட்டு நேரே வீட்டுக்கு வருவேன். வாங்குப் பக்கம் போவதில்லை.

ஒரு காலை, புதிதாக விபரம் எடுக்க ஒரு பெட்டைப்பிள்ளை படிவக்கட்டோடு வந்தாள். விறாந்தையில் ஆம்பிளை இல்லாததால், வேலியோரமாக நடந்து தோட்டத்துக்கே வந்துவிட்டாள். நான் கிணற்றடியில் நின்றேன். அவள் என் மனைவியிடம் கேட்டாள்.

"அக்கா, நீங்கள் என்ன தொழில் செய்யிறியள்?"

மனைவி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்தப் பிள்ளையைப் பார்த்தாள்.

"இதை இந்த வீட்டிலை ஆரும் என்னட்டைக் கேட்டதில்லைப் பிள்ளை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "தோட்டம். தோட்டம் செய்யிறன் எண்டு எழுதும்" என்றாள்.

பிள்ளை எழுதிக்கொண்டாள். "ஐயா என்ன செய்யிறார் அக்கா?"

இவர் சும்மா இருக்கிறார் என்று சொல்ல அவளுக்கு முழு உரிமையும் இருந்தது.

"அவர் அங்கை நிக்கிறார். அவரிட்டையே கேளும். ஒருத்தற்றை தொழிலை மற்றாள் சொல்லக் கூடாது."

பிள்ளை வாய்க்கால் வரம்பால் என்னிடம் வந்து, பேனையைப் பிடித்தபடி நின்றாள். முன்பு ஊரெல்லாம் நான் கேட்ட கேள்வியையே கேட்டாள்; அரசாங்க உத்தியோகம் என்று எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே அவள் மண்வெட்டியோடு தண்ணீருக்குக் காத்து நின்றாள். நான் வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன்.