காது இல்லாத கேஸ்கட்

"எந்த கம்ப்ரசருக்குங்க அம்மிணி?"

திருச்செங்கோட்டில் இயந்திரங்களுக்கு ரப்பர் கேஸ்கட் வெட்டும் கடையில் புதன்கிழமை என்னிடம் கேட்ட கேள்வி இது.

"தக்காளித் தொக்குக்குங்ணா" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். (நானும் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.)

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவர் ரிக் வண்டியில், அதாவது போர்வெல் போடும் லாரியில் மெக்கானிக். வண்டி வடக்கே கிளம்பினால் திரும்ப மூன்று நான்கு மாதம் ஆகும். வண்டியோடு போகும் ஏழு பேருக்கும் சமையல் வண்டி ஓரத்தில்தான். காய்கறி கிடைக்காத நாளில் சோற்றுக்குத் துணை நான் கொடுத்துவிடும் தொக்கு.

போன தடவை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்குது புள்ள" என்றார். ஊர் திரும்பியபோது ஆள் பாதியாகியிருந்தார்.

பிறகு டிரைவர் செல்வராசு அண்ணன் வாய்தவறி உளறிவிட்டார். "அது இருவது நாள்லயே பூசணம் புடிச்சுப் போச்சுங்க அம்மிணி. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்ல வேண்டாம்னுட்டாரு."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மறைத்ததற்குத்தான் கோபம் அதிகம்.

அடுத்த பயணம் ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்ததும் களத்தில் இறங்கிவிட்டேன்!

தேவை காற்றுப் புகாமல் மூடும், கிளிப் வைத்த கண்ணாடி பாட்டில். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் புது பாட்டிலின் விலையைக் கேட்டேன். கையில் எடுத்ததை இரண்டு கையாலும் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டு, ஒரு புனல் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் அடித்தது அதிர்ஷ்டம்! எங்கள் ஊர் பழைய இரும்புக் கடையில், ஒரு சாக்கு மூட்டைக்குள் பன்னிரண்டு கிளிப் பாட்டில்! ஏதோ ஹோட்டல் கழித்துப் போட்டதாம். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. மூடியில் இருந்த ரப்பர் வளையம் மட்டும் காய்ந்து, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

பாட்டிலைக் கொதிக்க வைக்க வீட்டு வெந்நீர் அண்டா. கண்ணாடி இடிபடாமல் இருக்க அடியில் பழைய துண்டு. சூட்டோடு தூக்க கணவரின் குறடு. (தேய்த்துக் கழுவிய பிறகுதான், பயப்படாதீர்கள்.)

மிச்சம் ரப்பர் வளையம். ரிக் வண்டிகள் நிறைந்த ஊரில் ரப்பர் வளையத்துக்கு எங்கே போவது? கேஸ்கட் கடைக்குத்தானே!

விஷயம் புரிந்ததும் கடைக்காரருக்கு என்னைவிட உற்சாகம். "கருப்பு ரப்பர் ஆகாதுங்க, நாத்தம் எறங்கிரும். பால் மிசினுக்குப் போடற வெள்ளை சிலிக்கான் சீட்டு இருக்குது. அதுல வெட்டித் தாரேன்."

பன்னிரண்டு வளையம் வெட்டினார். ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மேஜையில் பேப்பர் விரித்துக் கவிழ்த்தோம். ஒரு சொட்டு இல்லை!

வியாழக்கிழமை முதல் பாட்டில். கொதிக்கக் கொதிக்கத் தொக்கை ஊற்றி, கிளிப்பை மாட்டி, அண்டாவில் மறுபடி வேகவிட்டு எடுத்து ஆறவைத்தேன். மறுநாள் காலை கிளிப்பைத் தளர்த்தியும் மூடி அசையவில்லை. சீல் பிடித்துவிட்டது! சமையலறையில் ஒரு குதி குதித்தேன்.

பிறகு திறக்கப் பார்த்தேன்.

திறக்கவில்லை.

"ஊட்டுல ஒரு மெக்கானிக்க வெச்சுக்கிட்டு நீ ஏன் புள்ள கஷ்டப்படற?" என்று கணவர் பாட்டிலை வாங்கினார். ரிக்கையே கழற்றி மாட்டுகிற மனிதர் பத்து நிமிடம் மல்லுக்கட்டினார். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்தார். விளிம்பு உடைந்தது. கண்ணாடித் தூளோடு ஒரு பாட்டில் தொக்கு குப்பைக்குப் போனது.

வண்டி கிளம்ப இரண்டே நாள். இந்தத் தடவை வெறுங்கையோடுதான் அனுப்பப்போகிறேனா?

பழைய ரப்பர் துண்டுகளைக் கிளறிப் பார்த்தேன். ஒன்றின் ஓரத்தில் சின்னதாக நாக்கு போல நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் அதைப் பிசிறு என்று நினைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு மறுபடி கேஸ்கட் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, காதுங்க இது. இதப் புடிச்சு இழுத்தாத்தான் காத்து உள்ள போயி மூடி தொறக்கும். நாங்க வெட்டறது எதுவும் கழண்டு வரவே கூடாதுங்க. அதே நெனப்புல இதையும் வெட்டிப்போட்டனுங்க."

அங்கேயே நின்று வாங்கினேன். பதினொரு வளையம், பதினொரு காது!

சனிக்கிழமை பதினொரு பாட்டிலும் சீல் பிடித்தன. ஒன்றை இழுத்துப் பார்த்தேன். 'புஸ்' என்று திறந்தது! (அதை வீட்டிலேயே காலி செய்துகொண்டிருக்கிறேன்.)

இன்று காலை பத்து பாட்டில் ரிக்கில் ஏறியது.

"இத எப்படிங்க தொறக்கறது?" என்றார் செல்வராசு அண்ணன்.

என் கணவர் பெரிய வாத்தியார் மாதிரி சொல்லிக்கொடுத்தார். "கிளிப்ப எடுத்துப்போட்டு காதப் புடிச்சு இழுக்கோணும். அப்பத்தான் தொறக்கும்."

நான் பக்கத்தில் போய்க் கேட்டேன். "ஏனுங்க, இந்தத் தடவ கெட்டுப்போச்சுன்னா நீங்களா சொல்லுவீங்களா, இல்ல உங்களுக்கும் அதேதானுங்களா?"

மற்ற ஆறு பேரும் சிரித்த சிரிப்பில் அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"சொல்லீர்றேன் புள்ள. வாரேன்" என்றார்.

உங்கள் வீட்டிலும் காதைப் பிடித்து இழுத்தால்தான் வாய் திறக்கிற ஆள் உண்டா? (பாட்டிலைக் கேட்கவில்லை!)