எதிர்க்கடை நானா சொன்ன சாட்சி

கொரோனாக் காலத்தில் என்மேல் ஒரு வழக்கு இருந்தது. ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வியாபாரம் செய்தேன் என்பது குற்றச்சாட்டு. இப்போது சொன்னால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும்.

நடந்தது இதுதான். எனக்குச் சாரி பிளவுஸ் தைக்கும் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடையில் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டாமல் விட்டதேயில்லை. காட்டும்போது ஷட்டர் திறந்திருக்க வேண்டும். மூடிய கடைக்குள் லட்சுமி எப்படி வருவாள்? நாட்டையே பூட்டி வைத்திருந்த அந்த வெள்ளிக்கிழமையும் எனக்கு லட்சுமி ஞாபகம்தான் வந்தது, சட்டம் வரவில்லை. ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கினேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பொலிஸ் ஜீப் மட்டும் வந்தது.

கடையைத் திறந்துதானே வைத்திருக்கிறீர்கள் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். துணியின் நிறத்தையும் விலையையும் சொல்ல என் சிங்களம் தாராளம். வெள்ளிக்கிழமை பூசையை விளக்க அது காணாது. காணாத இடத்தைச் சத்தம் போட்டு நிரப்பினேன். அதனால் காரியம் இன்னும் கெட்டது. கடைக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாளே கட்டிடச் சொந்தக்காரர் தொலைபேசியில் வந்தார். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறதாம். இடத்தில் சட்டவிரோதமான காரியம் நடந்ததாக நீதிமன்றம் தீர்த்தால் அவர் ஒப்பந்தத்தை முறிக்கலாமாம். கையெழுத்துப் போட்ட நாளில் அதையெல்லாம் யார் வாசித்தது? கடையும் வீடும் ஒரே ஒப்பந்தம். வழக்குத் தோற்றால் தையல் மெஷின்களோடு நானும் தெருவில்தான். என்னை நம்பித் தைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களின் பாடு தனி.

புதுக்கடைப் பகுதியில் நீதிமன்றங்கள் மெல்லத் திறந்ததும் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். ஹெவ்லொக் டவுன் பிள்ளை, என் மகள் வயதுதான் இருக்கும். நான் திட்டித் தீர்க்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

"அன்ரி, கனபேர் குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டிப்போட்டுப் போகினம். நீங்கள் அப்பிடிச் செய்தா கடை போயிடும். சுத்தவாளி எண்டு சொல்லுவம். ஆனா கண்ட சாட்சி ஒண்டு வேணும்."

"தெருவில ஒருத்தரும் இல்லையே பிள்ளை."

"தெருவில இல்லாட்டி மேல்மாடியில?"

மேல்மாடியில் ஒருவர் இருந்தார்.

என் கடைக்கு நேரெதிரே பொத்தானும் லேசும் விற்கும் முஸ்லிம் நானா. கடைக்கு மேலேயே குடும்பத்தோடு இருக்கிறார். பின்னேரங்களில் ஜன்னலில்தான் நிற்பார். அவருடைய வேனை என் வாசலில் நிறுத்துவதைப் பற்றி நாங்கள் போடாத சண்டையில்லை. அடுத்த நாள் பொத்தான் வாங்கவும் அவரிடம்தான் போவேன். அன்று நடந்தது முழுவதையும் அவர் பார்த்தது எனக்குத் தெரியும்.

ஆனால் அதற்கிடையில் அவரைப் பெற்ற உம்மா அந்த நோயில் மௌத்தாகிவிட்டார். நோயில் இறந்தவர்களை எந்த மதமானாலும் எரிக்கத்தான் வேண்டும் என்று அப்போது சட்டம். மையித்தை மண்ணில் அடக்குவது அவர்களுக்குக் கடமை. மனுஷன் எத்தனையோ கந்தோர் வாசலில் நின்று கெஞ்சியும் உம்மாவை எரித்துவிட்டார்கள். அந்த மனிதரிடம் போய், என் சாம்பிராணிப் புகைக்குச் சாட்சி சொல்லுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? சாட்சி இல்லை என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன்.

அவர் தானாக வந்தார். முகக்கவசத்தோடு தெருவின் அந்தப் பக்கமே நின்று கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒங்கட கேஸ் எப்ப?"

சொன்னேன்.

"நான் மேல இரிந்து பாத்தேன் தானே. வந்து செல்றேன்."

சாட்சி இருக்கிறது என்று பிள்ளைக்கு உடனே தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

விசாரணையன்று நீதவான் முன்னால் அவர் நல்ல சிங்களத்தில் பேசினார். கடைக்குள் ஒருவரும் போகவில்லை, ஒன்றும் விற்கவில்லை என்றார். வியாபாரம் நடக்கவில்லை என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று நீதவான் கேட்டார். "வியாபாரம் நடந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும், இவரோடு பேரம் பேசுவது இலேசில்லை" என்றார். என் சட்டத்தரணியே தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவருடைய மார்க்கத்தில் அது செய்தே ஆகவேண்டிய காரியம். அப்படியான ஒன்றைச் செய்யவிடாமல் தடுத்தால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும்" என்றார்.

நீதவான் எழுதி முடித்தார். அதன்பின், இனிமேல் ஊரடங்கில் ஷட்டரில் கைவைக்க வேண்டாம் என்று எனக்கு ஓர் எச்சரிக்கை. வழக்கைத் தள்ளிச் சீலை அகற்றச் சொன்னார்.

வெளியே வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். அதுவரை கேட்கத் துணியாததை அப்போதுதான் கேட்டேன். "நானா, இந்த நிலைமையில எனக்காக ஏன் வந்தனீங்கள்?"

அவர் கண்ணைத் துடைத்தார். "உம்மாக்காக எத்தின எடத்தில பேசப் போன, தங்கச்சி. ஒருத்தரும் இரிந்து கேக்கல்ல. இண்டைக்கி அந்த ஐயா கேட்டாரே."

அன்று எனக்குக் கடை திரும்பக் கிடைத்தது. உயிருள்ளவரை அந்த நன்றியை மறக்கமாட்டேன். கடையை எனக்கு மீட்டுத் தந்தவருக்குத் தன் தாயை அடக்க ஆறடி மண் கிடைக்கவில்லை.