குப்புறக் கிடந்த நாட்கள்

பாபநாசம் பக்கத்துக் குத்தகை விவசாயி சிங்காரவேலு, நடவு வயலில் தொற்றிய எலிக் காய்ச்சலோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு விட முடியாமல் திணறினார். வென்டிலேட்டர் வைத்தும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவில்லை.

“நுரையீரல் பூரா வீங்கி நீர் கோத்துக்கிச்சும்மா,” என்றார் டாக்டர். “மெஷின் அதை ஆத்தாது. தானா தேறுற வரைக்கும் மூச்சுக் குடுக்கும், அவ்வளவுதான். தினம் பதினாறு மணி நேரம் குப்புறப் படுக்க வைக்கிறோம். அப்பதான் முதுகுப் பக்கத்துக்கும் காத்து போகும்.”

சிங்காரவேலுவின் மனைவி ஆனந்தவல்லி தலையாட்டினாள். அழுகை வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் வக்கீல் போன் செய்தார். குத்தகை வயலை விட்டு அவர்களை வெளியேற்றச் சொல்லி நிலக்காரர் போட்ட வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. ஒன்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவள், “சரிங்க,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் தொண்டையிலிருந்த வென்டிலேட்டர் குழாயை எடுத்தார்கள். சிங்காரவேலுவின் குரல் காற்றாகத்தான் வந்தது. “கேஸு?”

“ஜெயிச்சிட்டோங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீடு திரும்பிய பிறகு, வரப்பில் பத்தடி நடந்தாலே அவருக்கு இரைத்தது. சரியாக மாதக்கணக்காகும் என்றிருந்தார் டாக்டர். அந்த வருஷம் இரண்டாம் போகமான தாளடி நடவுக்கு ஆனந்தவல்லிதான் வயலில் இறங்கினாள். அவருக்குக் காய்ச்சல் தொற்றிய அதே வயல் தண்ணீர் சில்லென்று இருந்ததா என்று பிறகு யோசித்தபோது, அவளுக்கு நினைவில்லை.