எட்டு ஓம் கிரைண்டர்

செகந்திராபாத்தை ஒட்டிய குஷாய்குடாப் பக்கம் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில், மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் இல்லாத வீடு கிடையாது. அரிவாள்மனை இல்லாத வீடுகூட உண்டு. ஆண்கள் எல்லோரும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் என்ஜினியர்கள். ரேடியோ கரகரத்தாலும் சரி, குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் சரி, அவர்கள் கை முதலில் போவது அந்தக் கறுப்புப் பெட்டிக்குத்தான். என் கணவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வேலையில் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. பேட்டரியில் ஓடும் எதையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டிவிடுவார்.

எனக்கு மணிக்கட்டு வலி. ஆட்டுக்கல்லில் ஆட்டி ஆட்டி, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால்கூடக் கை நடுங்கும் நிலைக்கு வந்திருந்தேன். இனி ஆட்டினால் கை வழங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயமுத்தூரில் இருந்த என் அண்ணன் அதைக் கேள்விப்பட்டு லாரியில் ஒரு கிரைண்டரை அனுப்பிவைத்தான். எங்கள் பிளாக்கில் அதுதான் முதல் கிரைண்டர். ஆட்கள் அதை மாடிக்குத் தூக்கி வந்து இறக்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் என் கணவர் அளந்து பார்த்தார். மீட்டரின் இரண்டு முனைகளையும் பிளக்கின் இரண்டு கால்களில் வைத்தார். மின்தடை எட்டு ஓம் என்று காட்டியது. சிகரெட் அட்டையின் பின்புறம் கணக்கு ஓடியது. வோல்டேஜ் இருநூற்று முப்பது. எட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட இருபத்தொன்பது ஆம்பியர். அதை மறுபடி வோல்டேஜால் பெருக்கினால் ஆறரை கிலோவாட்டுக்கு மேல். எங்கள் வீட்டு ஃப்யூஸோ பதினைந்து ஆம்பியர் தாங்குவது.

"உங்கண்ணன் இந்த பிளாக்கையே கொளுத்தப் பாத்திருக்கான்," என்றார்.

நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் அதை அச்சடித்தார்கள். அதன்பிறகு அதற்கு வேலை எதுவும் இருக்கவில்லை.

"ஏனுங்க, மோட்டார் நிக்கறப்போ சுருள் கம்பியோட ஓம் மட்டும்தானுங்க காட்டும். சுத்த ஆரம்பிச்சா அதுவே எதிர் வோல்டேஜ் உண்டாக்கிக் கரண்டைக் கொறைச்சுப்போடும். மோட்டார் தகட்டுலயே மூணு ஆம்பியர்னு போட்டிருக்குது பாருங்க," என்றேன்.

"தகட்டுல யாரு வேணாலும் என்ன வேணாலும் அடிக்கலாம். ஓம்ஸ் லா எல்லாத்துக்கும் ஒண்ணுதான். நீ போய் டீ போடு."

டீ எதற்கென்றால், பிளாக் சங்கத்துக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆளுக்கொரு மீட்டரோடு வந்தார்கள். எல்லா மீட்டரும் எட்டு ஓம் காட்டியதில் அவர்களுக்கு அப்படியொரு திருப்தி. சுவிட்சைப் போட்டுப் பார்ப்போமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சுற்றாத மோட்டாரைச் சுற்றி நின்று டீ குடித்துவிட்டு, கிரைண்டரை ஓட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். முன்மொழிந்தவர் என் வீட்டுக்காரர். கம்பி தாங்குமா என்று சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள், என் கை தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் போனதும் என் கணவர் கிரைண்டரின்மேல் ஒரு விரிப்பைப் போட்டு, அதன்மேல் ரேடியோவை வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் மேலதிகாரியை இட்லி சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம், ஊறிய உளுந்தையும் அரிசியையும் ஆட்டுக்கல் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"எனக்குக் கை ஆகலைங்க. நீங்களே ஆட்டிருங்க."

இதென்ன பெரிய வித்தையா என்ற முகத்தோடு உட்கார்ந்தார். உளுந்து பாதி மசிவதற்குள் சட்டையைக் கழற்றினார். பிறகு கையை உதறினார். பிறகு இடக்கைக்கு மாற்றினார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். என்ன படித்தேன் என்று கேட்டால் தெரியாது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கல் சத்தம் நின்றது. எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டார். ஜன்னல்களைச் சாத்தி விளக்கைப் போட்டார். ரேடியோவை இறக்கி வைத்துவிட்டு, பாதி மசிந்த உளுந்தைக் கிரைண்டரில் போட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். விளக்கு ஒரு கணம் மங்கித் தெளிந்தது. கல் சுற்றியது, ஃப்யூஸ் போகவில்லை. எங்கிருந்தோ, ஓடும் கரண்டை அளக்கும் ஒரு அம்மீட்டரைத் தேடியெடுத்து இணைத்துப் பார்த்தார். மூன்று ஆம்பியர் காட்டியது.

"இன்னிக்கு வோல்டேஜ் கம்மி போல," என்றார்.

மறுநாள் மேலதிகாரி, இட்லி எப்படி இவ்வளவு மிருது என்று கேட்டார். என் கணவர் சுற்றும் மோட்டாரைப் பற்றியும் எதிர் வோல்டேஜைப் பற்றியும் விளக்க ஆரம்பித்தார். அத்தனையும் நான் சொன்னது, சொன்ன வரிசைகூட மாறவில்லை. மேலதிகாரி தலையாட்டிக் கேட்டார். நான் எல்லோருக்கும் சட்னி போட்டேன், என் கணவர் தட்டுக்கு மட்டும் போடவில்லை.

சங்கம் மறுபடி கூடித் தீர்மானத்தைத் திருத்தியது. கிரைண்டர் ஓட்டலாம். ஆனால் பாதுகாப்பு கருதி, வீட்டில் ஆண்கள் இருக்கும் நேரத்தில் மட்டும்தான். படிக்கட்டடியில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தைக் கீழ்வீட்டுப் பெண் எனக்குக் காட்டினாள். அவள் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் உருது 'நக்கோ'தான் அவள் வாயில் வரும்.

"இவங்க வீட்ல இருந்து என்னக்கா பண்ணுவாங்க, கரண்டைப் புடிச்சு நிறுத்துவாங்களா? இந்த ரூல்லாம் நமக்கு நக்கோ அக்கா," என்றாள்.

அடுத்த நாள் காலை தொழிற்சாலை பஸ் வந்து பிளாக்கின் அத்தனை ஆண்களையும் ஏற்றிக்கொண்டு போனது. அது திருப்பத்தில் மறையும்வரை பால்கனியில் நின்று பார்த்தேன். பிறகு வாசல் கதவைத் திறந்தால், கீழ்வீட்டுப் பெண்ணும் அவளுக்குப் பின்னால் பிளாக்கின் பாதிப் பெண்களும் ஊறிய அரிசிப் பாத்திரங்களோடு படியில் நின்றிருந்தார்கள். உள்ளே கூப்பிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.