மவுஸை விட்டுக்கொடுக்காத மலர்விழி மேடம்

இன்று காலை பூந்தமல்லியில் ஓர் அரசு அலுவலகம். மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள். அதற்கு ஒரு சான்றுக் கடிதம் வேண்டும்.

அலுவலகக் கம்ப்யூட்டர்களை எல்லாம் அரசு உத்தரவுப்படி போன வாரம்தான் விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாற்றியிருந்தார்கள். கடிதம் அடித்துத் தரும் மலர்விழி மேடம் அதில் தமிழ் வரவழைக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார். வரிசை வாசல்வரை நின்றது.

எனக்குப் பின்னால் நின்றவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா மேடம், எவ்ளோ நேரம்? எங்கைல பென்டிரைவ்ல விண்டோஸ் காப்பி கீது. போட்டுத் தரேன், யாருக்கும் தெரியாது."

"திருட்டு காப்பியா? வேணாம் சார். இது கவர்ன்மென்ட் கம்ப்யூட்டர்."

நான் ஆபீஸில் தினமும் லினக்ஸில் வேலை பார்ப்பவன். உதவலாமென்று மவுஸை எடுக்கப் போனேன். மேடம் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்க செஞ்சிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு யாரு செய்வா? வாயால சொல்லுங்க, நான் பண்றேன்."

சொன்னேன். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை தமிழ் எழுத்து வந்தது. என் கடிதம் முடிந்ததும், பென்டிரைவ்காரரின் கடிதத்தை யார் உதவியும் கேட்காமல் தானே அடித்துக் கொடுத்தார்.

விண்ணப்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டு லேப்டாப்பில் நானே போட்டு வைத்த திருட்டு விண்டோஸ் காப்பியை இப்போதுதான் அழித்தேன். உங்கள் வீட்டில் எப்படி? உண்மையைச் சொல்லுங்கள், மேடம் இந்தப் பக்கம் வர மாட்டார்.