தீதி இந்தியை இழந்த வருடம்

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பள்ளிக்கூடம் போகும் வயது வருவதற்குள் எங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். மண்டபம் முகாமில் சில மாதங்கள், பிறகு இன்னொரு கப்பல், நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டம். அப்பாவும் அம்மாவும் தேயிலைக் கொழுந்தை விட்டு ரப்பர்ப் பால் எடுக்கப் போனார்கள். நான் படித்தேன். உதவித்தொகையில் போர்ட் பிளேர், அப்புறம் சென்னையில் புவியியலும் முனைவர் பட்டமும். சென்னை விடுதியில் என்னைச் சிலோன்காரி என்றார்கள். விரிவுரையாளராகப் போர்ட் பிளேருக்குத் திரும்பியதும் மெட்ராஸி ஆனேன்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில், வரலாற்றுத் துறையில் இருந்த ஒரு வங்காளிப் பெண் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வடக்கே ரங்கத் என்ற ஊரில் நெல் போடும் குடியேறிகளின் மகள். அவருடைய பெற்றோரும் கிழக்கு வங்காளத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்.

"உங்க ஆளுங்களையும் சர்க்கார்தான் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து போட்டுச்சா? எங்களையும் அப்படித்தான்" என்று இந்தியில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னைச் சோட்டி என்றார், சின்னவள். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் அடுத்தடுத்த வீடுகளில் வாடகைக்கு இருந்தோம். சண்டை, சினிமா, வீட்டுக்காரரைத் திட்டுவது, எங்கள் அப்பாக்களின் சாவு, எல்லாம் இந்தியில்தான். புத்தக இந்தி இல்லை. தீவில் எல்லோரும் பேசும், ஆண்பால் பெண்பால் பார்க்காத இந்தி. "பாங்ளா கத்துக்கோயேன்" என்று தீதி அடிக்கடி சொல்வார். வங்காள மொழியை மீன் விலை கேட்கிற அளவுக்குத்தான் கற்றுக்கொண்டேன். அவருக்குத் தமிழில் சாப்பாட்டுப் பெயர்கள் மட்டும் தெரியும்.

வருடங்கள் போயின. துறைத் தலைவர், தேர்வுப் பொறுப்பாளர், துணை முதல்வர் என்று என்னை நகர்த்திக்கொண்டே போனார்கள். மெயின்லேண்டில் இருந்த பல்கலைக்கழகத்தோடு போராடுவதே பாதி வேலை. மழையில் விமானம் ரத்தானால் வினாத்தாள் வராது. பிள்ளைகள் வராந்தாவில் காத்துக் கிடப்பார்கள். கடைசியில் முதல்வர் பொறுப்பும் வந்தது. 'பொறுப்பு' என்ற சொல் நான் ஓய்வு பெறும்வரை அறைவாசல் பலகையை விட்டுப் போகவில்லை. வகுப்பு எடுப்பது நின்றது. லம்பா லைன் பகுதியில் குவார்ட்டர்ஸ் கொடுத்ததால் டெய்ரி ஃபார்மை விட்டுப் போனேன். தீதியைக் கல்லூரியில் பார்ப்பதோடு சரி.

ஒரு திங்கட்கிழமை காலை மூன்றாமாண்டு மாணவிகள் இரண்டு பேர் என் அறைக்கு ஓடி வந்தார்கள்.

"மேடம், ஜல்தி வாங்க. ஹிஸ்டரி மேடம் பாங்ளாலயே பேசிட்டு இருக்காங்க. மஜாக் பண்றாங்க, சும்மா சிரிக்க வைக்கிறாங்கன்னு நெனச்சோம். இப்ப வாய் ஒரு பக்கமா போகுது."

நான் போனபோது தீதி மேசையைப் பிடித்தபடி பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வலது கையிலிருந்த சாக்பீஸ் கீழே கிடந்தது. அது விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

பக்கவாதம். மருத்துவமனையில் காலுக்கு அசைவு திரும்பியது, கைக்குப் பாதி திரும்பியது. பாங்ளா முழுசாகவே திரும்பியது. ஆங்கிலமும் இந்தியும் திரும்பவில்லை. "சிலருக்கு வீட்டு மொழி மட்டும் நிற்கும். மற்றது வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். நான் கட்டிலருகே உட்கார்ந்து, "தீதி, தண்ணி வேணுமா?" என்று இந்தியில் கேட்பேன். முகத்தையே பார்ப்பார். பிறகு நீளமாக ஏதோ சொல்வார். வீடு, வழி, சோறு என்று இந்தியோடு ஒத்த சொற்கள் ஒன்றிரண்டு பிடிபடும். என்ன சொல்ல வந்தார் என்பது பிடிபடாது. வங்காளி மாணவி ஒருத்தி வந்தால் மொழிபெயர்ப்பாள். ஆனால் அவளை வைத்துக்கொண்டு, பயமாக இருக்கிறதா என்று தீதியிடம் எப்படிக் கேட்பது?

வரலாற்று வகுப்புகள் ஆளில்லாமல் நின்றன. தீதிக்கு ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. நூலகத்தில் ஏதாவது வேலை கொடுக்கலாமே என்று மேலிடத்தில் கேட்டுப் பார்த்தேன். "உங்க கஷ்டம் புரியுது மேடம். ஆனா டீச்சிங் போஸ்ட்ல இருக்கறவங்களை அப்படி மாத்த முடியாது" என்றார் அதிகாரி. மருத்துவக் குழு பார்த்தது. இனி பாடம் நடத்த இயலாது என்ற அறிக்கையைக் கல்லூரி சார்பில் நான்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பினேன்.

ஆசிரியர் அறையில் வழியனுப்பு விழா. சால்வை, பூங்கொத்து, சமோசா. ரங்கத்திலிருந்து அவருடைய தம்பி வந்திருந்தார். ஏற்புரை வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். தீதி தானாகவே எழுந்தார். பாங்ளாவில் பேசினார், நிறுத்தாமல், பழைய வகுப்பறைக் குரலில். தான் எந்த மொழியில் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. நடுவில் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். வங்காளிகள் நாலைந்து பேர் சிரித்தார்கள். புரியாதவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு எங்கள் அலுவலகத்து வங்காளி கிளார்க்கிடம், "என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். "ஒண்ணும் இல்ல மேடம். மஜாக்தான். பிரின்ஸிபால் ஆனதிலிருந்து இவ என் வீட்டுக்கு டீ குடிக்க வர்றதே இல்ல, நான் டெய்லி ரெண்டு கப் போட்டுட்டு ஒண்ணைக் கொட்டறேன்னு சொன்னாங்க."

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தம்பி அவரை ரங்கத்துக்கு அழைத்துப் போனார். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் டிரங்க் ரோடு பஸ்ஸில் போய் வந்தேன். தீதி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டதும் முகம் மலரும். சோட்டி என்ற சொல் மட்டும் வரும். பிறகு பாங்ளாவில் பேசுவார். எந்த மொழியில் பதில் சொன்னாலும் ஒன்றுதான் என்றாகிவிட்ட பிறகு நான் தமிழில் பேச ஆரம்பித்தேன். அதுவும் எங்கள் அம்மாவின் தோட்டத்துத் தமிழ். கல்லூரியில் யாரிடமும் அதை நான் பேசியதில்லை. தம்பி மனைவி எங்களை வேடிக்கை பார்ப்பாள். இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுவோம், தலையாட்டுவோம். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெற்ற வருடம் கடைசியாகப் போனேன். தீதி மெலிந்திருந்தார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். தம்பி அவரை ஆட்டோவில் கூட்டிவந்து என்னருகில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டிக்கெட் வாங்கப் போனார். தீதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவசரமாக, மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தார். இது வழக்கமான பேச்சு இல்லை என்று தெரிந்தது. ஒரே வாக்கியத்தை இரண்டு முறை சொல்லி, புரிந்ததா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"சரிங்க தீதி" என்றேன்.

அவருக்கு அது போதவில்லை. தலையை அசைத்து மறுபடியும் சொன்னார். தம்பி வருவதற்குள் கண்டக்டர் விசிலடித்துவிட்டார். தம்பி ஓடிவந்து டிக்கெட்டை என் கையில் திணித்தார்.

"இவங்க என்னமோ சொல்றாங்க, என்னன்னு கேளுங்க" என்று ஏறியபடியே கத்தினேன். அவர் கேட்டார். தீதி பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்டு வழியில் வண்டிகள் கூட்டமாகப் போகும் கான்வாய்க்காக பஸ் நின்ற இடத்தில் பக்கத்து சீட்டு வங்காளிப் பெரியவரிடம், காதில் நின்ற ஒலிகளைச் சொல்லிப் பார்த்தேன். "இது பாங்ளாவே இல்லையேம்மா" என்றார். நான்தான் தப்பாக உச்சரித்திருப்பேன்.

அந்த மழைக்காலத்தில் தீதி இறந்தார். தம்பி போன் செய்தபோது ரோடு மூடியிருந்தது, படகும் நின்றிருந்தது. நான் போகவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு லம்பா லைனிலேயே சின்ன வீடு ஒன்றில் இருக்கிறேன். கச்சாலில் இப்போது எங்கள் ஆட்கள் அதிகம் இல்லை. மெயின்லேண்டில் எனக்கு யாரும் இல்லை. இந்தியை நான் இப்போது காய்கறிக்காரரிடம் பேசுகிறேன், கேஸ் கொண்டுவருகிறவரிடம் பேசுகிறேன். பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.